பொட்டு வைத்த திரை

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவனுக்குத் தொழிலே "பயப்படாதீங்க" என்று சொல்வதுதான். யாருக்காவது சொல்லிக்கொடுத்து மாட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரியும். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, உரக்கடை மாடியில், இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் வகுப்பெடுத்தேன். கட்டளை எழுதினால் பூவும் கட்டமும் வரையும் எடிட்டர் ஒன்று இருந்தது. அதில் ‘பிகினர்’ நிலை என்றால் கட்டளைகள் இடப்பக்கம் படப் பொத்தான்களாக நிற்கும், அழுத்தினால் போதும். ‘அட்வான்ஸ்டு’ என்றால் அவை மறைந்து வெள்ளைப் பக்கம்தான் இருக்கும். எல்லாம் நாமே எழுதவேண்டும்.

வெள்ளைப் பக்கம்

என் வகுப்புக்கு வந்த மாகறல் தேவகி தறி நெய்தவர். மூட்டுவலி வந்தபிறகு தறிக்குழியில் இறங்க முடியவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு டிசைன் கடையில் வேலை இருந்தது. இதே எடிட்டரில் ஒரு புடவைக் கரையை அட்வான்ஸ்டில் எழுதிக் காட்டினால் கிடைக்கும்.

முதல்முறை பொத்தான்களை மறைத்துக் காட்டியது ஒரு மத்தியானம். மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. கீழே பஸ் கிளம்பும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. தேவகி திரையைப் பார்த்துக் கேட்டார்: "தண்ணி இல்லாத செய்யாறு மாதிரி கீது சார். எங்க கால வெக்கிறது?"

பிரித்துப் பார்த்தது

பழகிவிட்டார். ஒரு நாள் முழுக் கரையையும் எழுதி முடித்தார். மாங்காய் வடிவங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் பூத்தன. வகுப்பே எட்டிப் பார்த்தது. அந்த மிதப்பில், எழுதியது படப் பொத்தான்களில் எப்படி இருக்கும் என்று பார்க்க அவர் கை ‘பிகினர்’ பொத்தானைத் தட்டியது. அங்கே திரும்பினால் கையால் எழுதிய வரிகளை அந்த எடிட்டர் அழித்துவிடும். கரை போயிற்று. தேவகிக்கு நம்பமுடியவில்லை. "நெய்ஞ்ச சேல தறி மரத்துல சுத்திக்கினுதான சார் கீது? பிரிச்சிப் பாத்தா அயிஞ்சா பூடும்?"

பொட்டு

அதன் பிறகும் ஒரு பூ முடிந்தால் கை தானாக அங்கே போகும். நெய்ததைப் பிரித்துப் பார்த்த கை. நேர்காணலுக்கு முந்தின நாளும் அழித்தார். கடைசியில் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துத் திரையில் அந்தப் பொத்தான்மேல் ஒட்டினார். பிறகு கை அங்கே போகவில்லை. பக்கத்து மெஷினில் இருந்த பெருநகர் பாஸ்கர் சொன்னான்: "யக்கா, அப்டியே பூவும் வெச்சிடு."

காஞ்சிபுரம்

மறுநாள் சாயங்காலம் நேர்காணல் முடிந்து படியேறி வந்த தேவகி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "மொதல்ல அவுங்க மெஷின்லயும் ஒரு பொட்டு ஒட்டிட்டேன் சார். மொதலாளி பூசன்னு நெனச்சிக்கினு கும்புட்டாரு. கர முடியற வரிக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கல. திங்கக்கெயம வேலைக்கு வரச் சொல்லிக்கீறாங்க."

எங்கள் திரையில் அந்தப் பொட்டு பல மாதம் இருந்தது. என் பாடங்களைவிட அதுதான் அதிகம் பேரை அட்வான்ஸ்டில் நிறுத்தி வைத்தது.