மகாரியோ நட்ட குழாய்கள்

யானாராஹு மலையின் பனியில் பதினேழு வருஷமாகத் துளை போட்டவன் மகாரியோ. ஊரார் உருளைக்கிழங்கு நட்டால் இவன் பிளாஸ்டிக் குழாய் நட்டான். நீராவித் துளைக்கருவியை முதுகில் கட்டிக்கொண்டு ஏறி, பத்து மீட்டர் ஆழத்துக்குக் குழாயை இறக்கிவிட்டு வருவான். அடுத்த வருஷம் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அவ்வளவு பனி போய்விட்டது என்று அர்த்தம். நகரத்து ஆய்வாளர் இல்டா அம்மா அதை எழுதிக்கொள்வார்; வெயிலுக்கு ஒரு தொப்பியும் கொடுத்திருந்தார். போன வருஷம் ஆறு மீட்டரிலேயே பாறை தட்டியது. அந்தம்மா அதையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

ஊர் வேறு மாதிரி யோசித்தது. வாய்க்கால் மெலிகிறது, மலையைக் குத்திக் குத்திப் புண்ணாக்கினால் பனி ஓடாமல் என்ன செய்யும்? குழாய்களைப் பிடுங்கும்வரை மகாரியோவுக்குத் தண்ணீர் முறை கிடையாது என்று கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். சொல்ல வந்தவன் தண்ணீர் பங்கிடும் ஃபெலிசியானோ. மகாரியோவின் மனைவி எர்லிந்தாவுக்குக் கூடப்பிறந்த தம்பி.

"மாப்ள, உங்கக்கா வயலு காயுதுடா."

"ஊரு வயலே காயுது மாமா. குழாயப் புடுங்கிட்டு வா, நானே மடையத் தொறக்குறேன். அந்தம்மா குடுத்த தொப்பிய வேணா நீயே வச்சுக்க."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தான் போட்ட துளையால்தான் பனி போகிறதோ என்ற சந்தேகம் மகாரியோவுக்கே வந்துவிட்டதுதான் கொடுமை.

மூன்றாம் நாள், வயலில் பூத்திருந்த செடிகள் தலை சாய்ந்தன. எர்லிந்தா வறுத்த சோளத்தை மடித்துக் கொடுத்தாள். "போய்ப் புடுங்கிட்டு வாய்யா. அந்தம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஏறிப் பார்த்தால் பிடுங்கும் வேலையே இல்லை. மிச்சமிருந்த ஐந்து குழாய்களும் வெறும் கல்லின்மேல் கிடந்தன. சுற்றிலும் ஈரச் சேறு, மேலே கறுத்த பாறை. கைப்பிடிப் பனிகூட இல்லை. உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். பிறகு குழாய்களைப் பொறுக்கிக் கட்டினான்.

அன்று காலையே வாய்க்காலில் கசிவு நின்றுபோயிருந்தது. குழாய் மலையைவிட்டு இறங்கினால் சரியாகிவிடும் என்று யாரும் கவலைப்படவில்லை. மகாரியோ குழாய்க் கட்டோடு இறங்கி வந்ததும் கை தட்டினார்கள்.

"நான் புடுங்கல மாப்ள. தானா விழுந்து கெடந்துச்சு. மேல பனியே இல்ல."

"எப்படியோ எறங்கிருச்சுல்ல! இனி மலைக்குப் புண்ணு ஆறிரும்."

சொன்ன சொல் தவறாமல், எல்லார் முன்னாலும் ஃபெலிசியானோ மடையைத் திறந்தான். சேறு ஒரு முழம் நகர்ந்து நின்றது.

"வரும் மாமா, கொஞ்சம் பொறு" என்று மலையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஊரே பார்த்தது. மகாரியோ மட்டும் தலை நிமிரவில்லை. அவன்தான் பார்த்துவிட்டு வந்தவனாயிற்றே.