தட்டு வாங்கிய வீட்டுச் சாட்சி

எங்கள் ஊர்க் கண்மாயில் திருட்டு மண் அள்ளிய டிப்பர் லாரி, சைக்கிளில் வந்த பக்கத்து வீட்டுக்காரர் மேல் ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன். ஓட்டியது லாரி முதலாளியேதான். அன்று அவர் ஊரிலேயே இல்லை என்று அவர் தரப்பில் கேஸில் சொல்லிவிட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்த ஆள் நான் ஒருத்திதான். அன்று வேறு பாதையில் வந்திருந்தால் இன்று நிம்மதியாகச் சோறு தின்றிருப்பேன்.

விசாரணைக்கு முந்தின வாரம் முதலாளி வீட்டிலிருந்து காதுகுத்துக்கு அழைக்கத் தட்டோடு வந்தார்கள். வெற்றிலை பாக்கு வைத்து நீட்டும் தட்டை எங்கள் பக்கம் யாரும் மறுப்பதில்லை. வாங்கிவிட்டால் பகை இல்லை என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் வாங்கிவிட்டார். சாயங்காலத்துக்குள் நான் சமாதானமாகிவிட்டதாக ஊரே பேசியது. செத்தவரின் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"நீங்களும் வாங்கிட்டீங்களாக்கா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டுக்காரரைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

"திருப்பி அனுப்பிட்டு இந்த ஊருல எப்புடி இருக்குறது?" என்றார்.

புதுக்கோட்டை கோர்ட்டில் கூண்டேறி, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லி, முதலாளியைக் கைகாட்டினேன். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணைக்கு வாய்தா வாங்கினார். அடுத்த மாதம் மறுபடி வர வேண்டுமாம். அதுவரை சாட்சிக்கு எந்தத் தொந்தரவும் வராமல் போலீஸ் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் நீதிபதி. கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது!

கூட வந்த ஏட்டு பஸ் ஸ்டாண்டு வரை மரியாதையாகத்தான் அழைத்து வந்தார்.

"மெரட்டுனா ஒடனே போன் அடிங்கம்மா. எங்கிட்டு இருந்தாலும் வந்துருவேன்" என்று நம்பர் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டுப் போனார்.

அந்த நேரத்துக்கு எங்கள் ஊருக்கு அது ஒன்றுதான் பஸ். கூட்டம் பிதுங்கியது. நான் கம்பியை எட்டிப் பிடித்தபோது பக்கத்து சீட்டிலிருந்து ஒருவர் எழுந்தார். முதலாளி. காலையில் சொந்தக் காரில் கோர்ட்டுக்கு வந்த மனுஷன்.

"உக்காருங்கக்கா. ஒரே ஊருக்குத்தானே போறோம். ஒங்களுக்கும் சேத்து டிக்கெட் எடுத்துட்டேன்."

போனைக் கையில் எடுத்தேன். ஏட்டிடம் என்னவென்று சொல்வது? எழுந்து சீட் கொடுத்தார் என்றா? பஸ் கிளம்பிவிட்டது. முழுப் பஸ்ஸும் என்னையே பார்த்தது. நான் உட்கார்ந்தேன்.