இடது இமை

பதிவுத் தபால் ஜன்னலில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவர், ஒரே ஒரு மனுவால் மூட்டை அறைக்குப் போனார். கவுன்ட்டருக்கு வரும் பெண்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்பது புகார். எழுதிக் கொடுத்தவர் பக்கத்து ஜன்னலில் தபால்தலை விற்பவர். தினமும் இவரோடு சேர்ந்து சாப்பிட்டவர்.

இடது இமை துடித்தது உண்மைதான். நாலைந்து மாதமாகத் துடித்தது. அதிகாரியின் அறையில் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றபோதும் துடித்தது. அதிகாரி ஒரு பெண். அத்தோடு காரியம் முடிந்தது.

வீட்டில் மனைவி தட்டை நகர்த்தி வைத்தாள்.

"கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். என்னப் பாத்து ஒரு தடவ கண்ணடிச்சிருப்பீங்களா?"

"அது தானா துடிக்குதுடி."

"ஆமா. ஊர்ப் பொம்பளைங்களப் பாத்தா தானாத்தான் துடிக்கும்."

மூட்டை அறையில் ஜன்னல் இல்லை. சாக்குத் தூசியில் நின்று கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தார். கெண்டைக்கால் முறுக்கியது, விரல்கள் மரத்தன. அந்த ஆளைப் பழிவாங்காமல் ஓய்வு பெறுவதில்லை என்று தீர்மானித்தார். எப்படி என்றுதான் தெரியவில்லை.

மூளையைப் படம் எடுத்த டாக்டர் ஒன்றுமில்லை என்றார். இரண்டாவது டாக்டர், சின்ன வயசுப் பெண், வேறு கேள்வி கேட்டார்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

நெஞ்செரிச்சலுக்கு ஒன்று. ஏழு வருஷமாக. தபால்தலைக்காரர்தான் தன் அட்டையிலிருந்து கிள்ளிக் கொடுத்துப் பழக்கியவர்.

ரத்தத்தில் மெக்னீசியம் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. வழக்கமான சோதனையில் அதை யாரும் பார்ப்பதில்லை என்றார் டாக்டர். நரம்பு கூப்பிட்டால் மட்டும் பேச வேண்டியது. அதை அடக்கி வைப்பது மெக்னீசியம். அது குறைந்தால் நரம்பு யாரும் கேட்காமலே பேசத் தொடங்கும். இந்த மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கினால் சிலருக்கு உடம்பில் மெக்னீசியம் ஏறாது.

"இன்னும் எறங்கியிருந்தா வலிப்பு வந்திருக்கும். இதயத் துடிப்பே தடுமாறும்."

மாத்திரையை மாற்றி, மெக்னீசியம் ஏற்றினார்கள். மூன்றாவது வாரம் இமை அடங்கியது. சான்றிதழைப் படித்த அதிகாரி, "மனுவ அவரே வாபஸ் வாங்கினா பாக்கலாம்" என்றார்.

போய்க் கேட்டதற்குத் தபால்தலைக்காரர் சிரித்தார். "நான் பாத்தது பாத்ததுதாண்ணே."

அப்போதுதான் இவர் கவனித்தார். தபால்தலையைக் கிழிக்கும் விரல் நடுங்கியது. ஓரம் கோணலாகப் போயிற்று. மேஜைமேல் அதே மாத்திரை அட்டை.

பதினோரு நாள் அதைப் பற்றி அவரிடம் வாயைத் திறக்கவில்லை. சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து அந்த நடுக்கத்தை மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். வலிப்பு என்ற சொல் வந்தபோதும் நெஞ்சு பதறவில்லை. அதுதான் அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில் தபால்தலைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூட்டை அறைக்கு வந்தார்.

"அண்ணே, கால் முறுக்கி உயிர் போவுது. கையும் நிக்கல. குடிச்சிட்டு வர்றேன்னு பேசிக்கிறாங்க. அந்த டாக்டரம்மா உங்களுக்கு என்ன சொன்னாங்க?"

"என்னமோ சொன்னாங்க."

"சொல்லுங்கண்ணே."

இவர் ஒரு தாளையும் பேனாவையும் மூட்டைமேல் வைத்தார்.

"எழுது. கண்ணடிச்சார்னு சொன்னது பொய்யின்னு."

எழுதினார். எழுத்து மேலும் கீழும் ஓடியது.

"படிக்க முடியலையே தம்பி. திரும்ப எழுது."

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தாளில் பேனா இரண்டு முறை விழுந்தது. இரண்டு முறையும் இவர் குனிந்து, அவசரமில்லாமல் எடுத்துக் கொடுத்தார். முதல் தாளையே படிக்க முடிந்தது. அது இவருக்குத் தெரியும்.

மூன்றிலும் கையெழுத்து வாங்கி மடித்துப் பையில் வைத்தார்.

"அந்த அட்டையக் கொண்டுபோய் டாக்டரம்மாகிட்ட காட்டு. ரத்தத்துல மெக்னீசியம் பாக்கச் சொல்லு."

"இப்பவே போயிடட்டுமாண்ணே?"

"ஜனம் நிக்குது. கவுன்ட்டர் மூடினதும் போ."

மூட இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.