தேன் உறிஞ்சிய தும்பைப்பூ

சமயநல்லூரில் எங்கள் வீட்டுக்குச் சித்தி மகள் வந்து சேர்ந்த வருஷம் எனக்கு வயிற்றெரிச்சலிலேயே கழிந்தது. சித்தப்பா காலமான பிறகு சித்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பினாள். மகளை எங்கள் அம்மாவிடம் விட்டுப் போனாள். என்னைவிடச் சில மாதம்தான் மூத்தவள். ஆனால் வந்த அன்றைக்கே என் பாயில் பாதி, என் சீப்பு, ஜன்னலோரத்து இடம் எல்லாம் அவளுடையதாகிவிட்டது. அம்மாவின் மடியை ஏற்கனவே கைக்குழந்தைத் தம்பி பிடித்துவைத்திருந்தான். மிச்சமிருந்த கொஞ்சத்துக்கும் போட்டிக்கு ஆள் வந்தால் எப்படி இருக்கும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சித்தி வீடியோ காலில் வருவாள். இவள் போனுக்கு முன்னால் அப்படிச் சிரிப்பாள், ஆடிக் காட்டுவாள், புதுப் பாவாடையைச் சுற்றிக் காட்டுவாள். சனிக்கிழமை காலையில் எழுந்தால் இரண்டு கண்ணும் சிவந்து, இமை வீங்கியிருக்கும். தலையணைகூட ஈரமாக இருக்கும். கண்ணோவு என்றால் நீர் வடியத்தானே செய்யும் என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மா உடனே என்னைத்தான் ஏவுவாள். "கம்மாக்கரையில போயி தும்பப்பூ பறிச்சுட்டு வாடி." நோவு அவளுக்கு, நடை எனக்கு! தம்பி குடித்தது போகக் கொஞ்சம் தாய்ப்பாலைச் சங்கில் பீய்ச்சி, அதில் அந்த வெள்ளைப் பூக்களைப் போட்டு ஊறவைப்பாள். பிறகு காலை நீட்டி உட்கார்ந்து, அவளை மடியில் சாய்த்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் கண்ணில் விடுவாள். "கண்ண மூடிக்க என் தங்கம். பெரியம்மா இருக்கேன்ல." விட்டு முடிந்த பிறகும் மடியிலிருந்து இறக்க மாட்டாள். தலையைக் கோதிக்கொண்டே இருப்பாள். மத்தியானத்துக்குள் சிவப்பு இறங்கிவிடும்.

"எனக்கும் ஊத்தும்மா."

"ஒனக்கென்ன கொள்ள? கண்ணு நல்லாத்தான இருக்கு."

சரி, எனக்கும் கண்ணோவு வந்துவிட்டால்? பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஒரு சனிக்கிழமை அவளைச் சுவரோரம் உட்காரவைத்து, இமைக்காமல் அவள் கண்ணையே பார்த்தேன்.

"என்னடி அப்படிப் பாக்குற?"

"சும்மாதான். நீ கண்ண மூடாத."

போதாதென்று அவள் துண்டை எடுத்து என் முகத்தை அழுத்தித் துடைத்தேன். மறுநாள் கண்ணாடியில் பார்த்தால் என் கண் வெள்ளைவெளேரென்று இருக்கிறது. நோய்கூடவா எனக்கு ஓரவஞ்சனை செய்யும்? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

தும்பைப்பூவின் அடியில் துளித் தேன் இருக்கும், பறிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். மருந்து அதில்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு கட்டினேன். அடுத்த வாரம் கரையில் உட்கார்ந்து பறித்த பூ அத்தனையையும் ஒன்று விடாமல் உறிஞ்சிவிட்டு, வெறும் சக்கையைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா அதையே பாலில் போட்டு ஊற்றினாள். இன்றைக்கு எப்படிக் குணமாகிறது பார்க்கலாம் என்று நிலைப்படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். மத்தியானம் அவள் எழுந்து, "பெரியம்மா, பசிக்குது" என்றாள். கண் தெளிந்திருந்தது.

மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு நிஜமாகவே மெட்ராஸ் ஐ ஒட்டிக்கொண்டது. அப்படியொரு சந்தோஷம்! யாரும் ஏவாமலே ஓடிப்போய்ப் பூப் பறித்து வந்து அம்மாவிடம் நீட்டினேன். இந்த முறை தேனோடு.

அம்மா என் இமையை விலக்கிப் பார்த்தாள். பூவை வாங்கி வாசலில் வீசினாள். "கண்ணுல கண்டதையும் ஊத்துவாகளா? கெளம்பு ஆஸ்பத்திரிக்கு."

அடுத்த பஸ்ஸிலேயே மதுரைக்கு இழுத்துப்போனாள். எரிகிற சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, தம்பி பக்கமே போகக்கூடாது என்ற உத்தரவு, இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. திரும்பும்போது பஸ்ஸிலேயே விசும்ப ஆரம்பித்தேன்.

"அவளுக்கு மட்டும் பூவு, எனக்கு மட்டும் ஆஸ்பத்திரியா?"

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒனக்கு வந்தது நோவுடி."

அப்படியானால் அவளுக்கு வந்தது என்ன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் உறிஞ்சிக் கொடுத்த பூவில் மருந்து எங்கே மிச்சமிருந்தது என்பதுதான் வீடு வந்து சேரும்வரை மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.