போலி மிக்ஸியும் ஆலைச் சங்கும்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைக்குப் பின்புறம் எங்கள் வீடு. போன மாதம் ஆன்லைனில் மிக்ஸி வாங்கினேன். பெட்டியில் பெரிய கம்பெனியின் பெயர் இருந்தது. உள்ளே இருந்ததோ போலி. சட்னி அரைக்க என் மனைவி சுவிட்சைப் போட்டதும் புகைந்து, அவள் கையில் ஷாக் அடித்தது. ஆத்திரம் தாங்காமல் கருகிய மிக்ஸியைப் படம் எடுத்துப் போட்டு, ‘திருட்டுப் பயல்கள்’ என்று ரிவ்யூ எழுதினேன்.

மறுநாள் சாயங்காலம் ஒருவன் போன் செய்தான். மிக்ஸியை விற்றவர்களின் ஆளாம், பெங்களூர் ஆபீசிலிருந்து பேசுகிறானாம்.

“சார், அந்த ரிவ்யூவை எடுத்துடுங்க. பணத்தைத் திருப்பித் தந்துடறோம்.”

“எம் பொண்டாட்டி செத்துருந்தா அவளயும் திருப்பித் தருவியாலே?” என்று கத்தினேன்.

அப்போது ஆலையில் ஷிப்டு மாறும் சங்கு ஊதியது. ஜன்னல் வழியாக ஒரு காதில் கேட்டது. அதே சங்கு போனுக்குள்ளிருந்தும், இன்னும் பலமாக, மறு காதில் கேட்டது. பிறகு ஓய்ந்தது.

அதற்குப் பிறகு அவன் என்னை சார் என்று கூப்பிடவில்லை.

“எடுத்துருங்கண்ணே,” என்றான் மெதுவாக. “மதினி பகல்ல தனியாத்தான இருக்காக.”