ஏழாவது வரி

பெயிண்டருக்கு மலை ஏறுவதில் எந்த ஆசையும் கிடையாது. அறுபது வயது வரைக்கும் அவர் ஏறிய பெரிய உயரம் ஏணியின் பத்தாவது படிதான். அதற்கு மேல் ஏறி எழுதச் சொன்னால், "அவ்வளவு மேல எழுதினா யார் அண்ணாந்து படிக்கப் போறாங்க?" என்று நியாயம் பேசுவார். ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையில் ஐம்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு விமானம் மோதி நொறுங்கியது. அதன் மிச்சத்தைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் பையை மாட்டிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். கடை வாசலில் நின்று அவர்களுக்கு வழி சொல்வதோடு இவர் வேலை முடிந்தது. வழி கேட்டவர்கள் யாரும், "நீங்க போயிருக்கீங்களா?" என்று இவரைத் திருப்பிக் கேட்டதில்லை. அது ஒரு வசதி.

கடை என்றால் ஒன்றரை அறை. முன்னறையில் சுவரில் சாய்த்த தகரங்கள், டர்பன்டைன் வாசனை, பழைய டம்ளர்களில் தூரிகைகள். மிச்ச அரையில் ஒரு நாற்காலி, ஒரு ரேடியோ. பின்கதவைத் திறந்தால் வீடு. ஊரில் பாதி எழுத்து அவர் கையால் எழுதியது. பல் டாக்டர் போர்டு, பள்ளிக்கூடத்து வகுப்பு எண்கள், பஸ்ஸின் பக்கவாட்டு, தண்ணீர்த் தொட்டி, 'இங்கு வண்டி நிறுத்தாதீர்' எல்லாம் அவருடையவை. சுண்ணாம்பு தடவிய நூலை இழுத்துப் பிடித்துக் கோடு அடிக்காமல் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார். 'விட்டா சாப்பாட்டுத் தட்டுலயும் நூல் போடுவாரு' என்பது அவர் மனைவியின் நிரந்தரப் புகார். முப்பத்தெட்டு வருஷத்தில் ஓர் எழுத்து விட்டதில்லை, ஓர் எழுத்து கூட்டினதில்லை என்று பெயிண்டர் சொல்லிக்கொள்வார். அதிகமாகவே சொல்லிக்கொள்வார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், விமானம் விழுந்த இடத்தில் இறந்தவர்களின் பேர்களை எழுதி வைக்க ஊர்க் கமிட்டி முடிவு செய்தது. வேலை இவருக்குத்தான் வந்தது. பதிமூன்று பேர், அகர வரிசையில், வெள்ளைத் தகட்டில் கருநீல எழுத்து. பெரிய தகடாக இருந்தால் மலைமேல் தூக்க முடியாது என்று இரண்டு துண்டாகச் செய்து, எழுதி, நன்றாகக் காயவைத்து, காகிதம் சுற்றிக் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டியது அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி. பக்கத்துத் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவன். பெயிண்டர் அடிவாரம் வரை போய்க் கை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

அதோடு அந்தப் போர்டை மறந்தும் போனார். ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு அம்மா கடைக்குள் நுழைந்தார். வெள்ளை கேன்வாஸ் ஷூ, நிமிர்ந்த முதுகு, கழுத்தில் விசில் ஒன்றுதான் குறைச்சல். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர் என்று அவரே சொன்னார்.

"ஒரு சின்னத் தகடு வேணும். ஒரே ஒரு பேர்தான். மலைக்கு எடுத்துட்டுப் போகணும்."

"அங்கதான் ஏற்கனவே போர்டு இருக்கேம்மா. நான்தான் எழுதினேன்."

"தெரியும். அதுல எங்கப்பா பேர் விட்டுப் போயிருக்கு. அதான் உங்ககிட்டயே வந்தேன்."

டீச்சர் போனை எடுத்துக் காட்டினார். மலைக்குப் போய் வந்த யாரோ ஒரு பையன் கோணலாக எடுத்து அனுப்பிய படம். மேல் துண்டு, நடுவில் கொஞ்சம் வெள்ளை, கீழ்த் துண்டு. பெயிண்டர் விரலை வைத்து எண்ணினார். பன்னிரண்டு. கீழேயிருந்து மேலே எண்ணினார். அப்படி எண்ணினாலும் பன்னிரண்டுதான் வந்தது.

"அப்பாவுக்கு சாமான் ஏத்தி இறக்குற வேலை," என்றார் டீச்சர். "அன்னிக்கு சாமானோட கூடவே ஏறிப் போயிட்டாரு. டிக்கெட் வாங்கினவங்க லிஸ்ட்ல அவர் பேர் எப்படி இருக்கும்? பேப்பர்ல பன்னெண்டு பேர்னுதான் போட்டாங்க. எனக்கு அப்ப ஏழு வயசு. பதிமூணுன்னு ஒத்துக்க வைக்க நான் எழுதாத லெட்டர் இல்ல, ஏறாத ஆபீஸ் இல்ல. கடைசியில உங்க ஊர்க் கமிட்டிக்காரங்கதான் சரின்னு சேர்த்தாங்க. போர்டுல மறுபடியும் பன்னெண்டாயிடுச்சு. பரவாயில்ல, கை தவறுறது சகஜம்தான். ஞாயித்துக்கிழமை போறேன், அதுக்குள்ள குடுத்தீங்கன்னா போதும்."

நாலு வார்த்தை கத்தியிருந்தால்கூடப் பெயிண்டர் தாங்கியிருப்பார். அந்தப் 'பரவாயில்ல' தான் நெஞ்சில் தைத்தது.

எவ்வளவு யோசித்தும் அந்தப் பேரை எழுதினோமா இல்லையா என்று அவருக்கு நினைவுக்கு வரவில்லை. கமிட்டி கொடுத்த பட்டியலை அப்போதே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. போதாததற்கு, அந்த மாசம்தான் அவருக்கு வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. அடுத்த மாசம் ஆபரேஷன். அந்தக் கண்ணோடு எழுதிய மற்ற போர்டுகளை எல்லாம் சைக்கிளில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். பல் டாக்டர் போர்டு சரியாக இருந்தது. வகுப்பு எண்கள் ஒன்றிலிருந்து பத்து வரை ஒழுங்காக இருந்தன. ஒரு போர்டிலும் தப்பில்லை. அப்படியானால் தப்பு நடந்தது அந்த ஒரே ஒரு இடத்தில்தான், அதுவும் செத்துப்போனவர் பேரில், என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

"நீங்க விட்டிருக்க மாட்டீங்க," என்றார் மனைவி.

"கண்ணு தெரியாம எழுதினேனே."

"கண்ணுக்குத் தெரியலன்னா என்ன, கைக்குத் தெரியும். சந்தேகமா இருந்தா போய்ப் பாருங்க. இங்கயே உக்காந்து என் உயிரை வாங்காதீங்க."

மனைவி சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். இவரோ புதன்கிழமை சந்தைக்குப் போய் ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

செய்தி கேட்டு மச்சானுக்கு ஒரே கொண்டாட்டம். "தப்பே பண்ணாத மனுஷனுக்குச் சொந்தக்காரனா இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும், மாமா. இந்த ஒரு பேரை விட்டு எங்க எல்லாரையும் காப்பாத்திட்டீங்க," என்றான். டீச்சரின் சின்னத் தகட்டை மாட்ட ஆள் வேண்டுமே, அதனால் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு அவனும் கிளம்பினான். பெயிண்டர் ஒரு டப்பா கருநீலமும் இரண்டு தூரிகையும் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மூன்று பேரும் ஏற ஆரம்பித்தார்கள். முதல் ஒரு மணி நேரத்திலேயே யார் யார் எப்படி என்று தெரிந்துவிட்டது. டீச்சர் முன்னால் போய், திரும்பி நின்று, இவர்கள் வரும்வரை கையை மேலும் கீழும் அசைத்து உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். மச்சான் வாயால் ஏறினான். பெயிண்டர் ஒவ்வொரு வளைவிலும் ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். நாடாவில் ஒரு குறையும் இல்லை, மூச்சுதான் வாங்கியது.

"மூக்கால இழுத்து வாயால விடுங்க," என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"அக்கா, அவரு எழுத்தைத்தான் விடுவாரு," என்றான் மச்சான். அக்கா என்று எப்போது கூப்பிட ஆரம்பித்தான் என்று தெரியவில்லை.

ஓடை தாண்டிய பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். பெயிண்டர் மட்டும் உரித்த முட்டையைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார். ஆறு நாளாக மனசில் உருட்டிக்கொண்டிருந்ததை அங்கேதான் சொன்னார்.

"அம்மா, தகடு தனியா மாட்ட வேண்டாம். போர்டுலயே எழுதிக் குடுத்துடறேன். பெயிண்ட் கொண்டு வந்திருக்கேன். ஆனா ஒண்ணு. அகர வரிசைப்படி அப்பா பேர் ஏழாவதா வரணும். நட்ட நடுவுல. இப்ப எழுதினா கடைசியிலதான் எழுத முடியும். பாக்கறவங்களுக்கு அப்புறமா ஒட்ட வெச்ச மாதிரிதான் தெரியும். அதை நான் என்ன பண்ணியும் மாத்த முடியாது. என்னை மன்னிச்சிடுங்க."

டீச்சர் முட்டை ஓட்டைக் கவனமாக ஒரு காகிதத்தில் மடித்தார். "கடைசி ஆளா ஏறினவர்தானே," என்றார். "கடைசியிலயே இருக்கட்டும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர் திரும்பி நிற்கவுமில்லை, கையை அசைக்கவுமில்லை.

பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மரங்களுக்கு நடுவே ஒரு சரிவு. முதலில் கண்ணில் பட்டது எஞ்சின். ஆள் உயரம், பாதி மண்ணில் புதைந்து, பாசி பிடித்துக் கிடந்தது. தள்ளி ஒரு ஜன்னல் சட்டம் கிடந்தது. அதன் வழியாக ஒரு மரம் வளர்ந்து, சட்டத்தையும் தன்னோடு இரண்டடி மேலே தூக்கிவிட்டிருந்தது. இறக்கை ஒன்று பாறையில் சாய்ந்தபடி முழுசாக இருந்தது. வந்தவர்கள் எல்லாம் தொட்டுத் தொட்டு, கை எட்டும் இடம் மட்டும் பளபளவென்றிருந்தது. டீச்சரும் அங்கேதான் கை வைத்தார். அவருக்கும் இதுதான் முதல் தடவை. அவருடைய அம்மா போன வருஷம் காலமாகும்வரை, மகள் இந்த மலைப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது என்று இருந்தாராம்.

போர்டு இறக்கைக்குப் பக்கத்தில், பாறையை ஒட்டி இரண்டு இரும்புக் கால்களில் நின்றது. தன் எழுத்தைப் பார்த்ததும் பெயிண்டர் கொஞ்சம் அதிர்ந்துதான் போனார். மலை வெயிலும் மழையும் இரண்டே வருஷத்தில் கருநீலத்தைச் சாம்பலாக்கிவிட்டிருந்தன. கிட்டே போய் எண்ணினார். நேரிலும் பன்னிரண்டுதான். டப்பாவைக் கீழே வைத்தார். எங்கே எழுதுவது என்று பார்க்க, வழக்கம்போல விரலை மடக்காமல் வைத்துக் கடைசி வரியிலிருந்து அளந்துகொண்டே மேலே போனார். வரிக்கு வரி நாலு விரல். நாலு விரல். நாலு விரல். நடுவில் வந்ததும் கை நின்றது. ஆறாவது பேருக்கும் அதற்கு அடுத்ததுக்கும் நடுவே எட்டு விரல்.

"இவ்வளவு இடம் நான் விடமாட்டேன்," என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னார். பிறகு, "மச்சான், இங்க வா. இது என்ன?" என்று அந்த வெள்ளையைத் தட்டினார். தகரம் மாதிரி சத்தம் வரவில்லை. கனமாக வந்தது.

"அது இரும்புப் பட்டை மாமா. ரெண்டு தகட்டையும் சேர்த்துப் பிடிக்கறதுக்கு."

"பட்டையைப் பின்னாலதானே போடணும்? அப்படித்தானே பேசினோம்?"

"பின்னால பாறை. ஸ்பேனர் திரும்ப இடமில்ல. அன்னிக்கு மழை வேற. அதான் முன்னால போட்டு முறுக்கினேன். துரு பிடிக்கக் கூடாதுன்னு வெள்ளைகூட அடிச்சேனே, பாக்க அழகா..." பாதியில் அவனுக்கே விளங்கிவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை. "எழுத்து கீறக்கூடாதுன்னு நீங்கதான் காகிதம் சுத்தி, மாட்டின அப்புறம் கிழின்னு சொன்னீங்க. காகிதத்தோட மாட்டி முறுக்கிட்டு அப்புறம்தான் கிழிச்சேன். அடியில என்ன இருந்துச்சுன்னு நான் பாக்கவே இல்ல மாமா."

"கழட்டு," என்றார் பெயிண்டர்.

இரண்டு போல்ட்டுகள். ஒன்று உடனே வந்தது. இன்னொன்று இறுகிப்போய், மச்சான் முழங்காலைப் பாறையில் ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்த பிறகுதான் அசைந்தது. டீச்சர் போர்டுக்கு நேராக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பட்டை கீழே விழுந்தது. அதனடியில் பழுப்பேறிய காகிதம் நீளவாக்கில் ஒட்டியிருந்தது. பெயிண்டர் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி மெதுவாக உரித்தார்.

ஏழாவது வரியில் பேர் இருந்தது. வெயில் படாமல், மழை படாமல், அன்றைக்குக் கடையில் காய்ந்தபோது எப்படி இருந்ததோ அதே கருநீலத்தில், ஒரு கால் குறையாமல், ஒரு புள்ளி குறையாமல் இருந்தது. மற்ற பன்னிரண்டும் சாம்பலாக இருக்க, அது ஒன்றுதான் பத்தடி தள்ளி நின்றாலும் படிக்கிற மாதிரி இருந்தது.

பெயிண்டர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். வெட்கமெல்லாம் படவில்லை. ஆறு நாளாகச் சுமந்த கல் இறங்கினால் அழாமல் என்ன செய்வார்? மச்சான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, மன்னிச்சிடுங்கக்கா, நான்தான், நான்தான்," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். டீச்சர் அவன் தலையில் கை வைத்து, "நீ மறைச்சு வெச்சதனாலதான் இவ்வளவு நல்லா இருக்கு, விடு," என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் பெயிண்டருக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. ஒரு வரி ஒரு நிறம், மற்ற வரி ஒரு நிறம் என்று விட்டுவிட்டுப் போக அவரால் முடியாது. டப்பா மூடியைத் திறந்து, "பெயிண்ட் நிறைய இருக்கும்மா. மத்த பன்னெண்டு பேரையும் இதே மாதிரி புதுசாக்கிடறேன்," என்று எழுந்தார்.

"கொஞ்சம் இருங்க," என்றார் டீச்சர்.

தூரிகை பாதியில் நின்றது.

"ஆக்குங்க, வேண்டாம்னு சொல்லல. கூட வந்தவங்கதானே எல்லாரும். ஆனா ஐம்பத்தேழு வருஷமா அவங்க பேரெல்லாம் தெரிஞ்சுது, இவர் பேர் மட்டும் தெரியல. கொஞ்ச நேரம் இவர் பேர் மட்டும் தெரியட்டும்."

பெயிண்டர் மூடியை அழுத்தி மூடினார். மூன்று பேரும் போர்டுக்கு எதிரே புல்லில் உட்கார்ந்தார்கள். மச்சான் மிச்சமிருந்த முட்டைகளை எடுத்தான். இந்தத் தடவை பெயிண்டர் ஒழுங்காக இரண்டு சாப்பிட்டார். கீழே ஊர் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டியில் தான் எழுதிய எழுத்து இங்கிருந்து தெரிகிறதா என்று அவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். தெரியவில்லை. யாரும் மணி பார்க்கவில்லை.

வெயில் இறக்கையை விட்டு நகர்ந்த பிறகு டீச்சர் எழுந்து சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டினார்.

"சரி," என்றார். "இப்ப மத்தவங்களையும் எழுதுங்க."