எடைப்பெட்டிக்கு முதல் சூடம்

கிள்ளானில் பழைய இரும்பு வாங்கி விற்கும் தம்புசாமி தன் வாழ்நாளில் தப்பே செய்ததில்லை. கேட்டால் அவரே அப்படித்தான் சொல்வார். லோரி கழுவுகிற வேலையில் தொடங்கி, சொந்தக் கிடங்கு, ஷா ஆலத்தில் மாடி வீடு என்று வளர்ந்தவர். எல்லாம் வளர்ந்தும் காது மட்டும் வளரவில்லை. யார் எது சொன்னாலும் உள்ளே ஏறாது.

கிடங்கு வாசலில் லோரிகள் ஏறி நிற்கும் எடைமேடை இருக்கிறது. எடையைச் சிவப்பு எண்களில் காட்டும் பெட்டி பக்கத்து அறையில் இருக்கிறது. மூடிப்போன ஏதோ தொழிற்சாலையிலிருந்து அவர் தூக்கி வந்த கிழட்டுச் சாமான். அதன் ஒயர் முனையில் ஒன்பது ஊசி. அதைச் செருக இந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் இடமே கிடையாது. பெட்டியை மாற்றுங்கள் என்றேன். வேண்டுமானால் கம்ப்யூட்டரை மாற்று என்றார். கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஒரு இணைப்பு ஒயரைக் கொண்டுபோய் இரண்டையும் சேர்த்து வைத்தேன். நன்றாகத்தான் ஓடியது.

ஓடியதற்குக் காரணம், எடைச் சீட்டு அடித்துத் தரும் ஷாமினி. காலையில் வந்ததும் கம்ப்யூட்டரைத் திறப்பாள், மைலோ கலக்கிக் குடிப்பாள், அப்புறம்தான் பெட்டியின் சுவிட்சைப் போடுவாள். அது வெறும் பழக்கம் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. தம்புசாமி பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். நமக்குப் படியளக்கிறது பெட்டிதான், இனி தினமும் அதற்குச் சூடம் காட்டி அதைத்தான் முதலில் போட வேண்டும், கம்ப்யூட்டர் காத்திருக்கட்டும் என்று உத்தரவு போட்டார். சூடம் காட்ட அவரே காலையில் வந்துவிடுவார்.

மறுநாளிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்தது. திரையில் அம்புக்குறி தானாக ஓடியது, தானாக அழுத்தியது. பெட்டியின் எடை திரைக்கு வரவில்லை. ஷாமினி எண்ணைப் பார்த்துக் கையால் தட்டினால், பாதியில் அம்பு தாவி அடுத்த லோரியின் கணக்கில் போய் விழுந்தது. ஒருவர் இரும்பு இன்னொருவர் சீட்டில் ஏறியது. லோரிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

நான் பெரிய நிபுணன் மாதிரி மவுஸை மாற்றினேன், ஒயரை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. தம்புசாமி பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து ஒரு சாமியாரை வரவழைத்தார். அவர் திரைக்கு மேல் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டுப் போனார். அம்பு அதற்கும் அடங்கவில்லை. கடைசியில் தம்புசாமியே குற்றவாளியைக் கண்டுபிடித்தார். ஷாமினி வேண்டியவனுக்கு எடையை மாற்றிப் போடுகிறாள், திருட்டுக் கை, இந்த வாரத்தோடு நிற்கட்டும் என்று லோரிக்காரர்கள் முன்னாலேயே சொன்னார். கிள்ளானில் இரும்புக் கிடங்குக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அந்தப் பேரோடு போனால் அவளை யாரும் வேலைக்குச் சேர்க்கமாட்டார்கள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

அவளுடைய கடைசி நாளன்று காலையிலேயே போய் உட்கார்ந்தேன். அதுவரை நான் போனதெல்லாம் மத்தியானத்தில். தம்புசாமி பெட்டிக்குச் சூடம் காட்டி சுவிட்சைப் போட்டார். அதன் பிறகு ஷாமினி கம்ப்யூட்டரைத் திறந்தாள். அம்பு ஆடத் தொடங்கியது. இரண்டையும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரை முதலில் திறந்து, அது எழுந்த பிறகு பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். அம்பு சமர்த்தாக நின்றது. எடையும் வந்தது.

விஷயம் இவ்வளவுதான். பெட்டி ஓயாமல் எண்களைக் கத்திக்கொண்டே இருக்கும். முன்னொரு காலத்தில் மவுஸும் இதே மாதிரி ஒயரில்தான் வந்தது. கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது அந்த ஒயரில் சத்தம் கேட்டால், பழைய மவுஸ் வந்திருக்கிறது என்று நம்பிவிடும். அந்த மவுஸ் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. படித்தவர்கள் அத்தனை பேர் சேர்ந்து செய்த கம்ப்யூட்டருக்கு இன்னும் துக்கச் செய்தி போய்ச் சேரவில்லை.

இதையெல்லாம் தம்புசாமியிடம் விளக்கினேன். சரி, ஷாமினி இருக்கட்டும் என்றார். சாமியார் கட்டின பழம் இப்போதுதான் வேலை செய்கிறது என்றும் சொன்னார்.

ஷாமினி வெளியே போய், காத்திருந்த லோரிக்காரர்களை உள்ளே கூட்டி வந்தாள். எல்லாவற்றையும் அணைத்தாள். பெட்டியை முதலில் போட்டாள், பிறகு கம்ப்யூட்டரை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். அம்பு திரை முழுக்க ஓடி, கண்ட இடத்தில் எல்லாம் அழுத்தியது.

"என் கை எங்க இருக்குன்னு நல்லா பாத்துக்குங்கண்ணே," என்றாள். "இப்ப சொல்லுங்க முதலாளி, யாரு மாத்துறா?"

லோரிக்காரர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். தம்புசாமிக்கு முகம் கறுத்துவிட்டது. பெட்டியின் பக்கம் திரும்பி, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, "தப்பு என்னோடதுதான், மன்னிச்சிரு," என்று அதனிடம் சொன்னார்.

"அங்க இல்ல முதலாளி," என்றாள் ஷாமினி. "இங்க."